நாற்பத்தெட்டுப் பிடி

எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். எட்டு அடித்ததும் ஆவுடை வந்துவிடுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு ஏறி, கையை இந்தப் பக்கம் தொங்கவிட்டு, ஒரு பிடி ஒடித்துக்கொண்டு போவாள். ஒடிக்க ஒரு இலைகூட இல்லாமல் பண்ணிவிட்டால் யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி பூராவும் புரண்டு புரண்டு படுத்து உலகம்மாள் கண்டுபிடித்த வழி இதுதான். அறுபத்தோரு வயதுக்கு நல்ல புத்திதான் வந்திருக்கிறது என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். செப்டிக் டேங்குக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் இரண்டடி சந்து. அதற்குள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முட்டி சொடுக்குப் போட, குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். தென்காசிச் சாரல் நேற்று மத்தியானம் பிடித்தது, விடவில்லை. தூறல் என்றும் சொல்ல முடியாத ஈரம் பிடரியில் இறங்கிக்கொண்டிருந்தது. மண் இளகிக் கிடந்தது ஒரு வகைக்கு நல்லது. காய்ந்த மண்ணில் இந்தச் சனியனை இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும், வேர் உள்ளே பத்திரமாக இருந்துகொண்டு பதினைந்தாம் நாள் மறுபடி எட்டிப் பார்க்கும். இப்போது இழுத்தால் வேரோடு வருகிறது, நரநரவென்று ஒரு சத்தத்தோடு வருகிறது. முழங்கால் உயரத்துக்குப் பச்சை மெத்தை, மேலே அங்கங்கே மஞ்சள் பூ. ஒரு கொடியைத் தூக்கினால் அது பக்கத்துக் கொடியைத் தூக்கும், அது அடுத்ததை. தரையைத் தொட்ட இடத்திலெல்லாம் கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும். ஒரு கணு மண்ணில் தங்கினால் போதும், பட்ட பாடு அத்தனையும் வீண். ஏதோ சாக்கு நூல் ஒன்று வேரோடு சிக்கிக்கொண்டு வந்து விரலை அறுத்தது. பிய்த்து வீசிவிட்டு அடுத்த கொத்தைப் பிடித்தாள். மணி ஆறே முக்கால் இருக்கும்.

இந்தச் சந்துக்கு இது எப்படி வந்தது என்பதுதான் அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவள் நட்டது துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், மூன்றே மூன்று குழி. அங்கேயிருந்து கொல்லை முழுக்க ஓடியது, சரி, ஓடுகிற ஜாதி, ஓடியது. ஆனால் கல்லுக்கும் டேங்குக்கும் நடுவில் நாலடி அகலத்துக்கு சிமெண்டுத் தளம். சிமெண்டில் இது வேர் பிடிக்காது. அப்படியும் மற்ற எல்லா இடத்தையும்விட அடர்த்தி இங்கேதான். சிமெண்டுக்கு அடியில் புகுந்து வந்திருக்குமோ, காக்கா தூக்கிப் போட்டிருக்குமோ, என்னமோ. பாம்புக்குப் பயந்து இரண்டு வருஷமாக இந்தச் சந்துக்குள் அவள் கால் வைக்கவில்லை. வெளியே நின்று அரிவாளால் மேலாக அரிந்துவிடுவதோடு சரி. அரிய அரிய அது தழைத்தது. புருஷன் கைலாசத்துக்குக்கூடக் கடைசி காலத்தில் முடி அப்படித்தான் வளர்ந்தது, உடம்பு வற்ற வற்ற முடி மட்டும் கருகருவென்று. நாசுவன் வீட்டுக்கு வந்து வெட்டிவிட்டுப் போனான், நாலாம் நாள் மறுபடி காதை மூடிக்கொண்டு நின்றது. அதை நல்ல சகுனம் என்று நினைத்தாளே, பச்சிலை வேலை செய்கிறது என்று தெரு முழுக்கச் சொன்னாளே. அந்த வாயை என்ன செய்தால் தகும்.

வாய்தான். எல்லாமே வாயால் வந்தது. மஞ்சள் காமாலைக்கு ஊரெல்லாம் கீழாநெல்லி என்று சொன்னபோது, கீழாநெல்லி சும்மா கண்ணு மஞ்சளைத்தான் எடுக்கும், குடித்துக் குடித்து வெந்துபோன ஈரலுக்கு மஞ்சக் கரிசலாங்கண்ணிதான் மருந்து என்று சொன்னவள் அவள். ஒரு வாரப் பத்திரிகையில் படித்திருந்தாள். படத்தைக் கத்தரித்து அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தாள். கறுப்பு வெள்ளைப் படம், ஒரு இலை, ஒரு பூ. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு செடியைத் தேடியவள் அவள். கடைக்குப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் காய்ந்த பொடியைக் கட்டிக் கொடுத்துவிடுவான், பச்சையாக வேண்டும் என்று ஒரு பிடிவாதம். பைபாஸில் பஸ் நின்றபோது பெட்ரோல் பங்கு வாசலில் பார்த்தாள். வட்டமாகப் பாத்தி கட்டி, அது முழுக்க மஞ்சள் பூ, தண்ணீர் தெளித்துவிட்ட மாதிரி மினுமினுவென்று இலை. தெய்வமே கண்ணில் காட்டிவிட்டது என்று அங்கேயே இறங்கிவிட்டாள். பெட்ரோல் போடுகிற பையனிடம், இது கரிசலாங்கண்ணிதானே என்று கேட்டாள். அவன் வண்டியைப் பார்த்துக்கொண்டே ஆமா என்றான். வைக்கோல்தானே என்று கேட்டிருந்தாலும் ஆமா என்றிருப்பான். அந்த ஆமாவைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டைப்பை நிறைய ஒடித்துக்கொண்டு வந்தாள். தனக்குத்தான் செடி கொடி தெரியும் என்ற மெத்தனம். கூடப் பிறந்த குணம், வேறென்ன.

நாற்பத்தெட்டு நாள், ஒரு மண்டலம். அரைத்துக் கொடுத்தால் வீரியம் குறையும் என்று பத்திரிகையில் போட்டிருந்ததா, அவளே சேர்த்துக்கொண்டாளா, இப்போது ஞாபகம் இல்லை. கொழுந்தும் தண்டுமாக ஒரு பிடி, விடிகிற நேரத்தில் ஒடித்து, மூன்று தண்ணீரில் அலசி, கட்டாகக் கட்டி அவர் கையில் கொடுப்பாள். கட்டுவதற்கு அரிசிப் பையின் வாயைப் பிரித்தால் வருமே அந்த வெள்ளை நூல், ஆணியில் கொத்தாகத் தொங்கும். மூன்று சுற்று, இரண்டு முடிச்சு. பக்கத்தில் யாரும் நின்றால் குமட்டுது, நான் கொல்லையில காத்தாட நின்னு மென்னுக்கிடுதேன் என்பார். சரி என்று அவள் அடுப்படி வாசலில் உப்புப் போடாத மோரோடு நிற்பாள். டேங்குப் பக்கம் போய் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு வருவார். முகத்தைச் சுளித்து, கசக்குது உலகு, நாக்கெல்லாம் கசக்குது என்பார். கசந்தால்தான் மருந்து என்று அவள் மோரை நீட்டுவாள். முப்பத்திநாலு வருஷக் குடித்தனத்தில் அந்த நாற்பத்தெட்டு நாள்தான் அவள் கொடுத்ததை ஏன் எதற்கென்று கேட்காமல் அந்த மனுஷன் வாங்கிக்கொண்டது. பஸ் கண்டக்டர் வேலை, ஊரெல்லாம் சுற்றி வந்து வீட்டில் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுகிற ஆள். அந்த நாற்பத்தெட்டு நாளும் சாமி மாதிரி இருந்தார். அதை நினைத்து அவள் அழுதிருக்கிறாள், செத்தபிறகு நிறைய நாள், அந்தச் சுளித்த முகத்தை நினைத்து. அதைவிட இன்னொன்று, நினைக்கவே கூடாது என்று ஒதுக்கி ஒதுக்கி வைத்தாலும் வந்து நிற்கும். திருநெல்வேலி டாக்டர் கொடுத்த மாத்திரைகளை நிறுத்தச் சொன்னவளும் அவள்தான். பச்சிலையும் இங்கிலீஷ் மருந்தும் ஒன்றுக்கொன்று அடித்துக்கொள்ளும் என்று அவள் சொன்னாள். சரி என்று அன்றைக்கே மாத்திரை அட்டைகளைத் தூக்கி அலமாரி மேலே வைத்துவிட்டார். ஐம்பத்திமூன்றாம் நாள் செத்துப்போனார்.

செத்த வீட்டிலாவது சும்மா இருந்தாளா. முத்திப்போன பிறகுல்லா நம்ம கைக்கு வந்தாவ, ஆனாலும் இத்தனை நாள் இழுத்துக் குடுத்தது அந்தப் பச்சிலைதான் என்று வந்தவள் போனவளிடமெல்லாம் சொன்னாள். மஞ்சக்காமாலைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனா ஊசியைப் போட்டுக் கெடுத்திருவான் என்றாள். பதினாறு கழிந்து போகிறவர்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கோடு ஆளுக்கு நாலு தண்டு ஒடித்துக் கொடுத்தாள், நட்டு வையுங்க, ஆத்திர அவசரத்துக்கு ஆகும் என்று. எட்டு மாதம் கழித்து, நிறையக் கிடக்கிறதே, காயவைத்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்க நாட்டு மருந்துக் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு தண்டைக் கையில் வாங்கி இலையை விரித்துப் பார்த்தார், முன்னும் பின்னும் திருப்பினார். இது அது இல்லையேம்மா என்றார். அதோட இலை நீட்டமா சொரசொரன்னு இருக்கும், இது மினுங்குது பாருங்க, மூணு பிரிவா வெட்டுப்பட்டிருக்கு. இது பார்க்கில வைக்கிற பூச்செடி, அயல்நாட்டுச் சரக்கு. அவள் தண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தின்னா கெடுதலா என்று கேட்டாள், யாரோ தின்றதுபோல. தெரியாதும்மா, ஆடு வாய் வைக்காது, சினையாடு தின்னா குட்டி தங்காதுன்னு சொல்லக் கேட்டிருக்கேன், நெசமோ பொய்யோ என்றார். அந்தத் தெரியாதும்மா என்ற வார்த்தையை இரண்டு வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறாள். கெடுதல்தான் என்றிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கலாம், ஒன்றும் செய்யாது என்றிருந்தால் தூங்கியிருக்கலாம். வீட்டுக்கு வந்து ஒரு இலையைத் தானே மென்று பார்த்தாள். வழுவழுவென்று, பிசின் வாடையடித்தது, கசப்பே இல்லை. அவர் நாக்குக்குக் கசந்திருக்கிறது, நோய் நாக்கு என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்குத் தொடங்கிய வேலைதான் இது. பிடுங்கி வாய்க்காலுக்குப் பக்கத்துக் காலிமனையில் கொட்டினாள், வாய்க்கால் கரை முழுக்கப் பிடித்துக்கொண்டது. உப்பைக் கொட்டினாள், கறிவேப்பிலை மரம் பட்டுப்போனது, இது பூத்தது. சோறு வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள். வெளிச்சம் படாமல் மூடிவைத்தால் வெந்துபோகும் என்று யாரோ சொல்ல, மூடுவதற்கு வீட்டில் அத்தனை பெரிய பிளாஸ்டிக் எது இருக்கிறது, கைலாசத்துக்குத் தெரு முக்கில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ்தான் இருந்தது. அதைக் குப்புறப் போட்டாள், மேலே நடக்க வேண்டியிருக்குமே, முகத்தை மிதிக்கக் கூடாதே. நாலு மாதம் கழித்துப் புரட்டினால் அடியில் எல்லாம் வெளுத்துக் கிடந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தால் நாலு ஓரத்திலும் வெளியே நீட்டிக்கொண்டு பூ. அவர் போட்டோவைச் சுற்றி யாரோ மாலை போட்ட மாதிரி. அதற்குப் பிறகு ஒரே முறைதான், கையால் பிடுங்குவது, மண்ணை உதறுவது, பழைய வேட்டியில் அள்ளி மொட்டைமாடி சிமெண்டில் வெயிலில் பரப்பி, நொறுங்குகிற அளவு காயவிட்டு, எரிப்பது. பச்சையாக ஒரு துணுக்கு வெளியே போகக் கூடாது. கொலை செய்தவன் ரத்தத்தைக் கழுவுகிற மாதிரிதான் கழுவிக்கொண்டிருக்கிறாள். மாடியில் என்னக்கா தினமும் காயுது என்று ஆவுடை கேட்டாள், மருந்துக்கு என்றாள் உலகம்மாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். எத்தனை அப்போது. சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்பது தெரியும், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற தெம்பு அவளுக்குக் கிடையாது.

நேற்றுச் சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்தில் கொல்லைப் பக்கம் வந்தவள், சுவருக்கு மேலே இருந்து ஒரு கை இறங்கி இந்த மெத்தைக்குள் துழாவுவதைப் பார்த்தாள். ஆவுடையின் வளையல் கை. ஆவுடை கொழுந்தன் நெல்லையப்பன் பெண்டாட்டி. ஒரே மனையாக இருந்ததுதான், மாமனார் போனபிறகு நடுவில் சுவர் விழுந்தது, அவர்கள் பக்கம் முழுக்க சிமெண்டைப் போட்டுக்கொண்டார்கள், பொட்டு மண் கிடையாது. எதுக்குட்டி என்று கேட்டாள் உலகம்மாள். இந்துவுக்குக்கா, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு, நேத்துல இருந்து வாந்தி, காலையில ஒரு பிடி மெல்லக் குடுத்தேன், இது நாளைக்கு, அதுக்கடுத்த நாளுக்குள்ளதைக் காலையில எட்டு மணிக்கு வந்து ஒடிச்சுக்கிடுதேன் என்றாள் ஆவுடை. ஆவுடையின் மகள் இந்துமதி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஏழு முடிந்து எட்டாம் மாதம். வளைகாப்புக்கு உலகம்மாளை முன்னால் நிற்க வேண்டாம் என்று யாரோ சொன்னபோது, பெரியம்மை கையால எனக்கு வளையல் வேணும் என்று அடம்பிடித்து வாங்கிப் போட்டுக்கொண்ட பிள்ளை. சினையாடு தின்றால் குட்டி தங்காது. நெசமோ பொய்யோ. அந்தக் கை ஒடித்து முடித்து மேலே போகிறவரைக்கும் உலகம்மாள் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை வரவில்லை. ராத்திரி முழுக்க வந்தது. அது அது இல்லட்டி ஆவுட. இந்த நாலு சொல்லை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் பின்னாலேயே ஆவுடையின் குரலில் அந்தக் கேள்வி வந்து நின்றது. அப்பம் அத்தானுக்குக் குடுத்தது? சரி, காலையில் எழுந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவோம், நேற்று ஒடித்ததை என்ன செய்வது, அது ஒரு பிடிதானே, ஒரு பிடியில் என்ன வந்துவிடும், ஏற்கெனவே ஒரு பிடி தின்றிருக்கிறாளே, இரண்டு பிடியில் என்ன வந்துவிடும், நாற்பத்தெட்டுப் பிடியில் வந்ததே. இப்படியே விடிந்தது. இப்போது பாதிச் சந்து முடிந்திருக்கிறது, மணி ஏழரை தாண்டியிருக்கும். சுவரோரத்து அடர்த்தி இன்னும் அப்படியே இருக்கிறது. ஸ்டூல் சிமெண்டில் இழுபடுகிற சத்தம் கேட்டது.

"என்னக்கா, சாரல்ல நனைஞ்சுக்கிட்டு என்ன செய்யுதிய?"

"களை பறிக்கேன்." நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஐயோ, மருந்தையா களைங்கிய. மொத்தமா பறிச்சுப் போட்டிருக்கியளே. இந்துவுக்கு இன்னும் நாப்பத்தாறு நாளு குடுக்கணும்லா."

"பாம்பு ஒண்ணு உள்ள போச்சு. அதான்."

"பாம்பா. பாத்துக்கா, கையை உள்ள விடாதிய." ஸ்டூலில் எம்பிச் சுவரோரத்தைப் பார்த்தாள். "சரி, போவுது. வாய்க்கா கரையிலதான் பாய் விரிச்ச மாதிரி கெடக்கே, நீங்க போட்டதுதானே. நாளையில இருந்து அங்க பறிச்சுக்கிடுதேன். இன்னைக்குள்ளது கையில இருக்கு. அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போவோம்மான்னுதான் சொல்லுது. நான்தான், எங்க அக்கா சொல்லியிருக்காவ, ஊசியைப் போட்டுக் கெடுத்திருவான்னு, முதல்ல பச்சிலை, பொறவு பாப்போம்னுட்டேன்."

வாய்க்கால் கரையை மறந்துபோனாள் பாருங்கள். இரண்டு வருஷம் பிடுங்கி, ஒரு ராத்திரி யோசித்து, விடியக் கருக்கலில் குத்தவைத்து, கடைசியில் அவள் கையாலேயே கொண்டுபோய்க் கொட்டிய கரை இருக்கிறது ஊருக்கெல்லாம். எங்க அக்கா சொல்லியிருக்காவ. உலகம்மாள் எழுந்து நின்றாள், முட்டி வலித்தது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆவுடையின் கையில் எவர்சில்வர் கிண்ணம், அதற்குள் அலசி வைத்த பச்சைக் கொழுந்து, தண்ணீர் சொட்டுகிறது.

"ஆவுட, அதைக் கீழ போடு. அது அது இல்ல."

"எது?"

"இது மஞ்சக் கரிசலாங்கண்ணி இல்லட்டி. வேற செடி. அழகுக்கு வைக்கது. மருந்துக் கடைக்காரரு சொல்லிட்டாரு. பிள்ளைத்தாச்சிக்கு ஆகாதுன்னும் சொன்னாரு. குடுக்காத. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. இப்பமே போ."

ஆவுடை கிண்ணத்தைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். உலகம்மாள் காத்துக்கொண்டிருந்த கேள்வி வரவில்லை. வேறு கேள்வி வந்தது.

"எப்பம் சொன்னாரு?"

"ரெண்டு வருசம் ஆச்சு."

"ரெண்டு வருசமா." ஆவுடையின் குரல் உயரவே இல்லை. "நேத்து நான் ஒடிக்கும்போது விளக்கை வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டுத்தானக்கா நின்னிய."

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியும் வந்தது. "அப்பம் அத்தானுக்குக் குடுத்தது?"

"இதைத்தான்."

கிண்ணம் சுவரில் பட்டு எகிறி, டேங்குக்கு அப்பால் போய் விழுந்தது. ஸ்டூல் சாய்கிற சத்தம், ஆவுடை ஏங்க ஏங்க என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடுகிற சத்தம். உலகம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒவ்வொன்றாகக் கேட்டது, பீரோ திறப்பது, ஆட்டோவுக்குப் போன் போடுவது, செருப்பைத் தேடுவது. நெல்லையப்பன் வேண்டுமென்றே கொல்லைப் பக்கம் வந்து நின்று சொன்னார், எங்க அண்ணனைக் கொன்னது பத்தலை, இப்பம் எம்பிள்ளை வயித்துக்குக் குறி வச்சிருக்கா. அவர் இதுவரைக்கும் அவளை மைனி என்று தவிரக் கூப்பிட்டதில்லை. பெரியம்மையை ஒண்ணும் சொல்லாதியப்பா என்று இந்துவின் குரல், அதற்குள் ஓங்கரிப்பு. ஆட்டோ வந்தது, போனது. தெருவில் நாலு பேர் என்ன ஏது என்று கேட்பதும், யாரோ பதில் சொல்வதும் கேட்டது. சரி. சொல்லியாகிவிட்டது. பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள், இரண்டாம் பிடி வாய்க்குள் போகவில்லை. அது போதும். இனிமேல் புருஷனைத் தின்னக் கொடுத்துக் கொன்றவள் என்று சொல்வார்கள், சொல்லட்டும், உண்மையைத்தானே சொல்கிறார்கள். ராத்திரி முழுக்கப் பயந்தோமே, நடந்து முடிந்தபிறகு பார்த்தால் வயிற்றுக்குள் ஒரு காலி இடம்தான் இருக்கிறது, பயத்தைக்கூடக் காணோம். வீட்டுக்குள் போனால் யாராவது வருவார்கள். மறுபடி குத்தவைத்து உட்கார்ந்தாள். கை தானாகப் போய் அடுத்த கொத்தைப் பிடித்தது.

இந்தக் கொத்து ஒற்றைக் கொடியாக வரவில்லை. இழுக்க இழுக்க முரண்டு பிடித்து, ஒரே இடத்திலிருந்து பத்துப் பதினைந்து தண்டுகள் சேர்ந்து, கை முஷ்டி அளவு மண்ணோடு பெயர்ந்து வந்தது. உதறினாள். அடித்தண்டுகள் விரல் பருமனுக்குத் திரண்டு, நடுவில் இடுப்பை இறுக்கிய மாதிரி ஒரு இடத்தில் ஒடுங்கியிருந்தன. அந்த ஒடுக்கத்தில் ஒரு நூல். மண் நிறத்துக்கு மாறிப்போன சாக்கு நூல், தண்டுக்குள் பாதி புதைந்திருந்தது. குப்பை என்று கிள்ளப்போனவள் நிறுத்தினாள். கட்டைவிரலால் மண்ணைத் தேய்த்தாள். மூன்று சுற்று. இரண்டு முடிச்சு. அவசரமாகப் பக்கத்துக் கொத்தைப் பிடுங்கினாள், அதிலும் இருந்தது. அதற்கடுத்தது வெறும் கொடி, அதற்கடுத்ததில் இருந்தது. காலையில் விரலை அறுத்த நூலைத் தேடி எடுத்தாள், அதுவும் இதுதான். டேங்கின் மூலையில் ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கையைப் பெரிதாக வீசாமல், சும்மா இப்படி விட்டால் விழுகிற தூரத்தில், சுவரோரமாக, ஒன்றின்மேல் ஒன்றாக. சிமெண்டைத் தாண்டி எப்படி வந்தது என்று இரண்டு வருஷமாக மண்டையைக் குடைந்ததே, இப்படித்தான் வந்திருக்கிறது. அலசி, கட்டி, வேர் பிடிக்கத் தோதாக அவளே தயார் செய்து கொடுத்திருக்கிறாள். கசக்குது உலகு, நாக்கெல்லாம் கசக்குது. அந்த முகச் சுளிப்பு. துண்டால் வாயைத் துடைத்தது. உப்பில்லாத மோரை மட்டும் மடமடவென்று குடித்துவிட்டுச் செம்பைக் கொடுத்தது. நாற்பத்தெட்டு நாளும் அடுப்படி வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாளே ஒரு கிறுக்கி.

ஓடிப்போய்ச் சொல்லலாம். தெருவில் இன்னும் ஆட்கள் நிற்கிறார்கள், இந்தக் கட்டுகளை அள்ளிக்கொண்டு போய்க் காட்டலாம், பாருங்க, நான் கொல்லல, அந்த மனுசன் திங்கவே இல்ல என்று. எவன் நம்புவான், இரண்டு வருஷம் மூடி மறைத்தவள் இப்போது நூலைக் கொண்டுவந்து காட்டுகிறாள் என்பான். நம்பினால் இன்னும் கேவலம். பெண்டாட்டி ஆக்கியதைத் தள்ளிவிட்ட மாதிரி அவள் கொடுத்த மருந்தையும் சுவரோரம் விட்டெறிந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான் என்று ஊருக்குத் தெரியும். இதற்குக் கொன்றவள் என்ற பேரே தேவலை. கொன்றவளுக்காவது அந்த வீட்டில் ஒரு இடம் இருந்திருக்கிறது, அவள் கையால் கொடுத்தது அந்த மனுஷன் வயிற்றுக்குள் போயிருக்கிறது. அதுகூட இல்லை. பச்சிலையும் இல்லை, மாத்திரையும் இல்லை. மாத்திரை. மாத்திரையை நிறுத்தச் சொன்னாள், அன்றைக்கே நிறுத்தினாரே. அவள் சொன்னதில் அது ஒன்றைத்தான் கேட்டார், அது அவருக்குத் தோதாக இருந்தது, கேட்டார். ஆக, கொல்லவில்லை என்றும் சொல்ல முடியாது. எங்கே சுற்றினாலும் இங்கேயே வந்து நிற்கிறது.

சாரல் கொஞ்சம் வலுத்தது. ஆவுடை விட்டெறிந்த கிண்ணம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது, அதிலிருந்த கொழுந்துகள் ஈரமண்ணில் சிதறிக் கிடந்தன. இப்போதே பொறுக்காவிட்டால் பிடித்துக்கொள்ளும். உலகம்மாள் எழுந்திருக்கவில்லை. பிடுங்கிய கட்டுகளை மடியில் போட்டுக்கொண்டு, ஒன்றை எடுத்து நகத்தால் முடிச்சை நெம்பினாள், வரவில்லை, பல்லால் கடித்து இழுத்தாள், மண் நாக்கில் பட்டது.

"ஒரு பிடியாவது தின்னியளா," என்று கேட்டாள், மெதுவாக, பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்பதுபோல. "ஒரே ஒரு பிடி."

முடிச்சு அவள் போட்டபடியே இருந்தது. அவிழ்த்துப் பார்க்கக்கூட அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை.